கிளிமஞ்சாரோவில் நாட்களைக் குறைக்காதீர்கள்

ஆப்பிரிக்காவின் மிக உயரமான மலையான கிளிமஞ்சாரோவில் ஏறக் கயிறோ பனிக்கோடரியோ தேவையில்லை. 5,895 மீட்டர் உயரத்திலுள்ள உஹுரு முனை வரை நடந்தே போய்விடலாம். மலையேற்றப் பயிற்சியே இல்லாதவர்களும் தான்சானியாவுக்கு விமானம் ஏறுவதற்கு இதுதான் காரணம். அந்த மலையின் ஆபத்தைப் பலர் குறைத்து எடைபோடுவதற்கும் இதுவே காரணம். மராங்கு என்ற பாதை வழியாக ஐந்தே நாளில் உச்சியைத் தொட்டு இறங்கிவிடலாம் என்று பயணத் திட்டங்கள் விற்கப்படுகின்றன. இந்த ஐந்து நாள் ஏற்றத்தை அனுமதிக்கவே கூடாது. அதற்குத் தூண்டுகோலாக இருக்கும் கட்டண முறையையும் தான்சானியா மாற்ற வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். முதல் இரவு தங்கும் மண்டாரா குடில்கள் சுமார் 2,700 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். நம் மலைகள் முடிகிற உயரத்தில்தான் அங்கே முதல் நாள் இரவு கழிகிறது. இரண்டாம் இரவு ஹோரோம்போவில், சுமார் 3,700 மீட்டர். மூன்றாம் இரவு கிபோவில், சுமார் 4,700 மீட்டர். அதே நள்ளிரவில் எழுந்து, தலைவிளக்கு வெளிச்சத்தில், காலடியில் சரியும் சரளைச் சரிவில் இன்னும் 1,200 மீட்டர் ஏற வேண்டும். மலை மருத்துவ வழிகாட்டுதல் சொல்வது வேறு. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வும் வேண்டும். மண்டாராவிலிருந்து கிபோ வரையிலான 2,000 மீட்டருக்கு நான்கு நாட்களாவது தேவை என்றாகிறது. ஐந்து நாள் திட்டம் கொடுப்பதோ இரண்டே நாள்.

இந்த விதி வெறும் எச்சரிக்கை உணர்வில் பிறந்ததல்ல. உயரம் கூடினாலும் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை, காற்றழுத்தம்தான் குறைகிறது. உஹுருவில் ஒவ்வொரு மூச்சிலும் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி ஆக்சிஜன்தான் கிடைக்கும். அதை ஈடுகட்ட உடல் வேகமாக மூச்சு விடுகிறது. அதனால் கரியமில வாயு அதிகமாக வெளியேறி, ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. சிறுநீரகம் அதைச் சரிசெய்தால்தான் உடல் புதிய உயரத்துக்குப் பழகும். அதற்கு நாட்கள் பிடிக்கும். அந்த அவகாசம் தராமல் ஏறினால் தலைவலியும் குமட்டலும் தொடங்குகின்றன. முற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும், அல்லது மூளை வீங்கும். நேர்கோட்டில் குதிகாலும் நுனிக்காலும் ஒட்டினாற்போல் அடிவைத்து நடக்கச் சொன்னால் தள்ளாடுவது மூளை வீக்கத்தின் முக்கிய அறிகுறி. அந்த நிலையில் உடனே கீழே இறக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

தினமும் ஓடுகிற, உடற்பயிற்சி செய்கிற இளைஞருக்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நல்ல உடற்கட்டு மலைநோயிலிருந்து காப்பதில்லை. வேகமாக ஏற முடிவதால் உடல் பழகுமுன்னே உயரத்துக்குப் போய்விடும் அபாயம் இளைஞர்களுக்கும் உண்டு. அசெட்டசோலமைடு மாத்திரை இருக்கிறதே என்பது அடுத்த வாதம். சிறுநீரகம் செய்யும் வேலையை அது விரைவுபடுத்துகிறது, உண்மைதான். ஆனால் அது துணைதானே ஒழிய, நாட்களுக்கு மாற்று அல்ல. மச்சாமே, லெமோஷோ வழிகளில் ஏழெட்டு நாள் பயணம் போகிறவர்கள் சுமார் 4,600 மீட்டரிலுள்ள லாவா டவர் வரை ஏறிவிட்டு, 4,000 மீட்டருக்குக் கீழே பாரன்கோவுக்கு இறங்கி உறங்குகிறார்கள். உடலைப் பழக்குவதற்கு நம்பகமான வழி இதுதான்.

அப்படியிருந்தும் குறுகிய பயணத்தை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள்? பணம்தான் முக்கியக் காரணம். வெளிநாட்டவரிடம் மலை அமைந்துள்ள தேசியப் பூங்காவின் நிர்வாகம் இயற்கைப் பாதுகாப்புக் கட்டணத்தை நாள் கணக்கில் வசூலிக்கிறது. அண்மை ஆண்டுகளில் அது தலைக்கு நாளொன்றுக்கு 70 டாலர். குடிலுக்கும் கூடாரத்துக்கும் இரவுக் கணக்கில் தனிக் கட்டணம். வழிகாட்டி, சுமை தூக்குவோர், சமையல்காரர் கூலியும் நாளோடு சேர்ந்து ஏறும். பாதுகாப்பாக ஏற நினைப்பவர் கூடுதலாகச் செலுத்த, அவசரப்படுபவருக்குச் சலுகை கிடைக்கிறது. மீட்புக் கட்டணத்தை ஒரு பயணத்துக்கு ஒருமுறை என்று வாங்கும் நிர்வாகம், ஏழு நாளுக்கான பாதுகாப்புக் கட்டணத்தையும் ஒரே தொகையாக வாங்கலாம். அரசு வருவாய் குறையாது. நாளைக் குறைத்து மிச்சம் பிடிக்கும் ஆசையும் பெரிதும் அடங்கும்.

இது வசதியில்லாதவர்களுக்கு மலையை எட்டாக்கனியாக்கும் என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் விமானச் செலவெல்லாம் செய்துபோய், கடைசிச் சரிவில் வாந்தியெடுத்துத் திரும்புவதில் என்ன சிக்கனம்? குறைந்த செலவில் ஏற விரும்புவோருக்கு அருகிலேயே 4,562 மீட்டர் உயர மேரு மலை இருக்கிறது. தங்கும் நாள் கூடினால் குப்பையும் நெரிசலும் கூடும் என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். ஒரு நாளில் மலையேற விடும் ஆட்களின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிப்பதே அதற்குத் தீர்வு. வருகிறவர்களை அவசரப்படுத்தி அனுப்புவது தீர்வாகாது. 20 கிலோ வரை சுமந்து கூடவே ஏறும் தொழிலாளர்களின் நுரையீரலுக்கும் அதே காற்றுதான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

தான்சானியா விதியை மாற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கிளிமஞ்சாரோ போகத் திட்டமிடும் தமிழ் வாசகர்களே, விலைப்பட்டியலில் தொகையைப் பார்க்கும் முன் நாட்களை எண்ணுங்கள். ஏழு நாளுக்குக் குறைவாக இருந்தால் அந்தத் திட்டத்தை ஏற்காதீர்கள். ஏழு நாளுக்கான பணம் இன்னும் சேரவில்லை என்றால், பயணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள்.