தண்ணீர் படும் வேலை ஒரே கையில்

ஸ்ரீவராகத்தில், கோயில் குளத்திற்கு அருகில், எங்களுக்கு ஒரு பழைய வீடு உண்டு. வெட்டுக்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, முன்பகுதிக்கு ஓட்டுக்கூரை. பின்பகுதியில் பிற்காலத்தில் சேர்த்த கான்கிரீட் தளம், அதன் மேல் ஒரு குளியலறை. ஓடுகளை மாற்றி, குளியலறையைப் புதுப்பித்து, மின்கம்பிகளையும் மாற்றலாம் என்று நாங்கள் முடிவு செய்தபோது, உற்றாரும் அண்டை வீட்டாரும் கேட்ட முதற்கேள்வி ஒன்றே. முழுவதையும் ஒரு கான்ட்ராக்டரிடம் ஒப்படைக்கப் போகிறீர்களா, அல்லது கொத்தனார், ஆசாரி, பிளம்பர், எலக்ட்ரீசியன் என்று தனித்தனியே அழைக்கப் போகிறீர்களா?

தனித்தனியேதான் அழைத்தோம். கான்ட்ராக்டரின் லாபம் மிச்சமாகும் என்பது எங்கள் கணக்கு. வந்தவர்கள் யாவரும் தத்தம் தொழிலில் தேர்ந்தவர்கள். அதில் இன்றும் எங்களுக்கு ஐயமில்லை. நான்கு மாதம் கழித்து, குளியலறைக்குக் கீழே இருக்கும் அடுக்களையின் மேல்தளத்தில் ஒரு தாம்பாளம் அளவுக்கு ஈரம் படர்ந்தது. பிளம்பரை அழைத்தோம். குழாயில் குறையில்லை, டைல்ஸ் இணைப்பின் வழியே தண்ணீர் இறங்குகிறது என்றார். டைல்ஸ் பதித்தவர், இணைப்பு சரியாகவே இருக்கிறது, அடியில் பூசிய கசிவுத் தடுப்புப் பூச்சுதான் விட்டுவிட்டது என்றார். பூச்சு பூசிய கொத்தனாரோ, “நான் முடித்துப் போன பிறகு பிளம்பர் வந்து தரையைக் குடைந்தார், மாமி, அதற்கு நான் என்ன செய்ய?” என்றார். மூவரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. மூவருக்கும் முழுக்கூலியும் கொடுத்தாகிவிட்டது. தரையை மறுபடி உடைத்த செலவு எங்களுடையதாயிற்று.

கான்ட்ராக்டருக்குக் கொடுக்கும் லாபம் எதற்கு என்பது அன்றுதான் எங்களுக்கு விளங்கிற்று. ஒருவர் வேலை முடிந்து இன்னொருவர் வேலை தொடங்கும் இடம் ஒன்று எந்தக் கட்டடத்திலும் உண்டு. அந்த இடம் யாருடைய கூலியிலும் சேர்வதில்லை. அதற்குப் பொறுப்பேற்க ஒருவரை வைக்கிறோம், அல்லது நாமே ஏற்கிறோம். நாங்கள் இரண்டையும் செய்யவில்லை.

தனித்தனியே ஆள் வைப்பதை ஆதரிப்பவர்கள் இந்நகரில் லாரி பேக்கரைச் சான்று காட்டுவது வழக்கம். 1917இல் பர்மிங்ஹாமில் பிறந்து, திருவனந்தபுரத்தைத் தம் ஊராக்கிக்கொண்டு, 2007இல் இங்கேயே மறைந்த அக்கட்டடக் கலைஞர், இடையில் கான்ட்ராக்டர் எவரும் இன்றி, தாம் பழக்கிய கொத்தனார்களையும் தச்சர்களையும் கொண்டே பெரும்பாலும் கட்டினார். உள்ளூரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகமும், தம்பானூரில் சுழன்று ஏறும் இந்தியன் காபி ஹவுஸும் அவர் கைவண்ணம். செலவு குறைந்தது உண்மை. ஆனால் பேக்கர் தாமே வேலைத்தலத்தில் நின்றார். செங்கல் அடுக்கும் போதே வரைபடத்தைத் திருத்தினார். ஒருவர் செய்ததை மற்றவர் கெடுக்காமல் பார்த்துக்கொண்டார். கான்ட்ராக்டர் என்ற பெயர்தான் அங்கே இல்லை, அவர் செய்யும் வேலை இருந்தது. காலை பத்து மணிக்கு அலுவலகம் செல்லும் நாம், கைபேசியில் படம் அனுப்பச் சொல்லி மேற்பார்வை செய்துகொண்டு, பேக்கரின் பெயரைச் சொல்வது பொருந்தாது.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒருவரிடமே மொத்தமாகக் கொடுத்துவிடலாமா? பழைய வீட்டிற்கு அதுவும் பொருந்தாது என்பதே எங்கள் கருத்து. புது வீட்டிற்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசலாம். பழைய வீட்டில் ஓட்டை இறக்கிப் பார்க்கும் வரை கைமரங்களில் எத்தனை உளுத்துப் போயின என்பது யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு மொத்தத்தொகை சொல்பவர், நட்டம் வராதபடி கூட்டிச் சொல்வார். அல்லது குறைத்துச் சொல்லிவிட்டு, உளுத்த மரத்தின் மேலேயே புது ரீப்பரை அடித்துவிடுவார். ஆகவே பழைய வீட்டு வேலைக்கு இனவாரி விலையே நேர்மையானது. ஒரு கைமரத்திற்கு இவ்வளவு, ஒரு சதுர மீட்டர் பூச்சுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டு, முடிந்ததை இருவருமாக அளந்து பணம் கொடுப்பது. அளக்கும் நாளில் வீட்டார் ஒருவர் உடன் நிற்க வேண்டும்.

இரண்டாம் முறை நாங்கள் வேலையைத் தண்ணீரை வைத்துப் பிரித்தோம். தண்ணீர் படும் வேலை யாவும் ஒரே கான்ட்ராக்டருக்கு: கூரை, குழாய், கழிவுநீர்ப் போக்கு, கசிவுத் தடுப்புப் பூச்சு, டைல்ஸ். தண்ணீர் படாதவை, அதாவது கதவு, அலமாரி, மின்கம்பி, வண்ணம், தனித்தனி ஆட்களுக்கு. அலமாரிக் கதவு கோணலாக இருந்தால் ஆசாரியின் வேலை என்பது குழந்தைக்கும் தெரியும், வழக்கு எழாது. கசிவுக்குத்தான் மூன்று தகப்பன்மார், அல்லது ஒருவரும் இல்லை. மின்வேலைக்கு எப்படியும் உரிமம் பெற்ற வயர்மேன் வேண்டும். அவரைக் கான்ட்ராக்டர் வழியாகத் தேடுவதில் எங்களுக்கு ஆதாயம் தெரியவில்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டியிருந்தது. குளியலறை கீசருக்கான பைப்பை, பூச்சு பூசுவதற்கு முன்பே வயர்மேன் பதித்து முடிக்க வேண்டும். அந்த ஒரு நாளை இருவரிடமும் கையெழுத்து வாங்கிக் குறித்தோம்.

சுவரை மூடுமுன் குழாய்களில் அழுத்தம் ஏற்றிப் பார்த்தோம். பூச்சு காய்ந்தபின் போக்குக்குழாயை அடைத்து, தரையில் தண்ணீர் தேக்கி, இரண்டு நாள் விட்டுவிட்டோம். கீழே அடுக்களையில் நின்று அண்ணாந்து பார்ப்பதைத் தவிர இச்சோதனைக்குச் செலவில்லை. டைல்ஸ் பதித்த பிறகு இதைச் செய்து பயனில்லை. முதல் முறை இதை யாரும் செய்யவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். இவ்வூருக்கு ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை. கூரையைத் திறப்பதென்றால் மார்கழிக்கும் சித்திரைக்கும் நடுவில்தான் திறக்க வேண்டும். அதற்குள் மாசியில் ஆற்றுக்கால் பொங்கல் வந்துவிடும். அன்று நம் தெருக்களில் அடுப்புக்கு வைக்கும் செங்கல்லுக்கு இடமுண்டு, மணல் லாரிக்கு இல்லை. சாலைக் கடைத்தெருவிலிருந்து சரக்கு வந்தால் அதை இறக்குவது யார், கூலி எவ்வளவு என்ற பேச்சும் உண்டு. நோக்குகூலியை அரசு 2018 மே 1 முதல் ஒழித்துவிட்டது என்றாலும், இறக்கியதற்கான கூலியை ஒருவர் நின்று பேசித்தான் ஆக வேண்டும். தனித்தனியே ஆள் வைத்த ஆண்டில், அந்த ஒருவர் எங்கள் வீட்டில் முழங்கால் வலியோடு நின்றவர்.

வங்கியின் பக்கம் பார்த்தாலும் இப்பிரிவு உதவிற்று. புதுப்பிப்புக் கடனுக்குப் பொறியாளர் கையெழுத்திட்ட மதிப்பீடு கேட்கிறார்கள். வேலை நகர்வதைப் பார்த்துத் தவணைகளாகப் பணம் விடுவிக்கிறார்கள். ஐந்து பேரின் துண்டுச்சீட்டுகளைச் சேர்த்து மதிப்பீடு ஆக்குவதைவிட, பெரும்பகுதிக்கு ஒரே தாள் இருப்பது எளிது. கான்ட்ராக்டர் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்துக் கேட்டால் பதிவு எண்ணைக் கேளுங்கள். பதிவு செய்யாதவர் அவ்வரியை வசூலிக்கக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் இன்னொரு நன்மை: 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீட்டுக் கட்டுமானத்தையும் சேவை என்றே கொள்கிறது, 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்த பணிக்கு மாவட்ட ஆணையத்தை அணுகலாம். சட்டம் தனிக் கொத்தனாரையும் விடுவதில்லைதான். ஆனால் வாய்ப்பேச்சை வைத்துக்கொண்டு அங்கே எதை நிரூபிப்பது? நாள் கூலிக்கு வந்து உழைத்துப் போன ஒருவரை அங்கே நிறுத்த எங்களுக்கு மனமும் வரவில்லை.

கான்ட்ராக்டர் பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்டார். கொடுக்கவில்லை. சரக்கு வாங்க ஒரு பங்கு, கூரை மூடியதும் ஒரு பங்கு, தண்ணீர்ச் சோதனை முடிந்ததும் ஒரு பங்கு, எஞ்சியது ஒரு மழைக்காலம் கழிந்த பின் என்று எழுதினோம். கடைசி வரியில் சற்று முகம் சுளித்தார், பிறகு கையெழுத்திட்டார். அடுக்களையின் மேல்தளத்திற்கு வண்ணம் பூசுவதையும் ஐப்பசி மழை ஓயும் வரை தள்ளி வைத்தோம். பழைய ஈரத்தின் கறை அப்படியே இருந்தது. அதன் விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பார்த்தோம். கார்த்திகை பிறந்தும் ஈரம் கோட்டைத் தாண்டவில்லை. அந்த வாரமே கான்ட்ராக்டருக்குக் கடைசித் தவணையைக் கொடுத்துவிட்டு, பெயின்டரை வரச் சொன்னோம்.