சலித்துப்போனது யாருக்கு?

சென்ற மாதம் ஓசூர் சிப்காட் அருகே ஒரு வீட்டின் மொட்டை மாடியில் இருபது பேர் உட்கார்ந்து, இலங்கை இறுதிப் போரைப் பற்றிய கேலம் மக்ரேயின் ஆவணப்படம் 'நோ ஃபயர் ஸோன்' பார்த்தோம். இந்தியத் தணிக்கை வாரியம் 2014இல் சான்று மறுத்த படம். மண்டபம் கேட்டுப் பார்த்தோம், கிடைக்கவில்லை. பாதிப் படத்தில் எழுந்து போன நண்பர் ஒருவர் இப்போது ஒரு சிற்றிதழில் தீர்ப்பெழுதியிருக்கிறார். போர் ஆவணப்படங்கள் ஓர் உயிரையும் காப்பாற்றியதில்லையாம். பிணங்களைக் காட்டிக் காட்டி மக்களை மரத்துப்போகச் செய்கின்றனவாம். எல்லாம் கைபேசியில் வந்துவிடும் காலத்தில் இவை வேண்டாத சுமையாம்.

உயிரைக் காப்பாற்றவில்லை என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். 2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பியபோது, போகாதீர்கள் என்று வாசலில் நின்று மக்கள் கெஞ்சினார்கள். அவர்களோடு வெளியுலகின் கண்களும் போய்விட்டன. 2009 சனவரியில் இலங்கை அரசே போர் தவிர்ப்பு வலயம் என்று ஓரிடத்தை அறிவித்தது. மக்கள் அதற்குள் போனார்கள். ஷெல்லும் அங்கேயே விழுந்தது. புதுக்குடியிருப்பு மருத்துவமனை திரும்பத் திரும்பத் தாக்கப்பட்டது. மருத்துவமனை இருக்குமிடத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகத் தெரிவித்த பிறகும் ஷெல் விழுந்ததால், இனி இடத்தைச் சொல்லாதீர்கள் என்று மருத்துவர்களே கேட்டுக்கொண்டதை இந்தப் படங்கள் பதிவு செய்திருக்கின்றன. அந்த ஐந்து மாதமும் வெளியார் கேமரா எதுவும் அங்கே இல்லை. நண்பர் விரும்பும் உலகம் அதுதான். ஐ.நா. வல்லுநர் குழு 2011இல் சொன்ன கணக்கின்படி, அங்கே இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம்.

கைபேசி போதும் என்கிறாரே, கைபேசிப் படத்துக்கு என்ன நேர்ந்தது? கைகள் கட்டப்பட்டவர்கள் நிர்வாணமாகச் சுடப்படும் காட்சியை 2009 ஆகஸ்டில் சேனல் 4 ஒளிபரப்பியது. படையினரே எடுத்த படம். போலி என்று இலங்கை அரசு ஒரே சொல்லில் தள்ளியது. அது உண்மையானது என்று ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் கிறிஸ்டாஃப் ஹைன்ஸ் அறிவிக்க 2011 ஆனது. அந்த ஆண்டு ஜூன் 14ஆம் தேதி வெளியான 'இலங்கையின் கொலைக்களங்கள்' என்ற ஆவணப்படம் துண்டு துண்டாகக் கிடந்த காட்சிகளைத் தேதியோடும் இடத்தோடும் உயிர் தப்பியவர்களின் சாட்சியோடும் கோத்தது. காலையில் வந்து மாலையில் கீழே போய்விடும் துணுக்கு இந்த வேலையைச் செய்யாது. 2013 பிப்ரவரியில் புலிகளின் தலைவருடைய மகன், பன்னிரண்டு வயது பாலச்சந்திரன், பதுங்குகுழியில் எதையோ தின்றபடி உட்கார்ந்திருக்கும் படம் வந்ததும் மக்ரேயின் குழு தேடி எடுத்ததால்தான். மார்ச் 8 அன்று லயோலா மாணவர்கள் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். சில நாட்களில் தமிழ்நாடு முழுக்கக் கல்லூரிகள் கொதித்தன. மரத்துப்போனவர்கள் செய்கிற காரியமா அது?

ஒருதலைப்பட்சம் என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார். மக்களை வெளியேற விடாமல் புலிகள் தடுத்ததும், தப்பியோடியவர்களைச் சுட்டதும் படத்தில் இருக்கின்றன. எழுந்து போனவருக்கு எப்படித் தெரியும்?

பயனற்ற படம் என்றால் அரசுகள் ஏன் இத்தனை பாடுபட்டன? இலங்கைப் பாதுகாப்பு அமைச்சு மறுப்புப் படமே எடுத்தது. 2013இல் மலேசியாவில் 'நோ ஃபயர் ஸோன்' படத்தைத் திரையிட்டதற்காக மனித உரிமைச் செயற்பாட்டாளர் லீனா ஹென்ட்ரி நான்கு ஆண்டு நீதிமன்றம் ஏறி, 2017இல் 10,000 ரிங்கிட் அபராதம் கட்ட நேர்ந்தது. இறுதிப் போரின் குற்றங்களுக்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லையே என்று நண்பர் கேட்கிறார். அது நீதிமன்றங்களின் குற்றம். சாட்சி சொன்னவனைப் பிடித்து ஏன் தீர்ப்பு வரவில்லை என்று கேட்பது அநியாயம்.

ஓசூர்க்காரர் என்பதால் இன்னொன்றையும் அவருக்கு நினைவூட்ட வேண்டும். 1991 டிசம்பரில், காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது, அத்திப்பள்ளி தாண்டி மூட்டை முடிச்சுகளோடு ஓடிவந்தவர்களை இந்த ஊர் பார்த்தது. போர் அல்ல, உண்மைதான். ஆனால் வீடிழந்து வந்தவர்களின் முகங்கள் அவை. அவர்களைப் பற்றி ஒரு படத்தைக்கூட நான் பார்த்ததில்லை. இன்று பேருந்து நிலையத்தில் நிற்கும் முப்பது வயதுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், அப்படியா என்பார்.

நண்பர் போன பிறகு அந்த மாடியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கெலவரப்பள்ளி முகாமிலிருந்து வந்திருந்த அம்மா ஒருவர் எழுந்தார். "எங்கட அக்கா மாத்தளனில நிண்டவ. இத்தனை வருசமாச் சொல்லுறன், கதை எண்டுதான் கேட்டவை" என்றார். அவரோடு ஒரே கம்பெனியில் வேலை பார்க்கும் தெலுங்குப் பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கீழே இறங்கும்வரை அவர் கையை அவள் விடவில்லை.

நண்பரே, அடுத்த திரையிடலுக்கும் உங்களை அழைப்போம். இந்த முறை கடைசிவரை உட்காருங்கள். மொத்தம் 93 நிமிடம்தான்.