மைல்களைக் கூட்டலாமா? கணக்கை முதலிலேயே ஒன்றாக்குங்கள்

வீட்டிற்குக் கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் வந்த பிறகு, விமான டிக்கெட்டுக்காக ஏஜென்ட் அலுவலகத்திற்கு அலையும் வேலை பலருக்குக் குறைந்துவிட்டது. நாமே தேதியைக் கொடுத்து, கட்டணங்களை ஒப்பிட்டுப் பார்த்து, டிக்கெட் வாங்கிவிடுகிறோம். அப்படி வாங்கும்போது பல விமான நிறுவனங்களின் தளங்கள் தங்கள் பிரீக்வென்ட் பிளையர் திட்டத்தில் சேரும்படி அழைக்கின்றன. இலவசம்தானே என்று நாமும் சேர்ந்துவிடுகிறோம். மகனைப் பார்க்க சிங்கப்பூர் போனதில் ஒரு கணக்கு, மகளின் பிரசவத்திற்காக லண்டன் போனதில் ஒரு கணக்கு, டில்லி போனதில் இன்னொரு கணக்கு. ஒவ்வொன்றிலும் சில ஆயிரம் மைல்கள். எதுவும் ஒரு டிக்கெட்டுக்குப் போதாது.

"இவற்றை எல்லாம் ஒரே கணக்கில் கூட்டிவிட முடியாதா?" என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. பெரும்பாலும் முடியாது என்பதுதான் நேர்மையான பதில். மைல்கள் கணக்கில் ஏறிய பின் அவற்றைக் கூட்ட வழி தேடுவதைவிட, ஏறும் முன்பே ஒரே இடத்தில் சேரும்படி செய்வதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

ஏன் கூட்ட முடிவதில்லை?

கம்ப்யூட்டருக்கு இது சாதாரணக் கூட்டல், கழித்தல்தான். இந்தத் திட்டங்கள் வளர்ந்ததே கம்ப்யூட்டரை நம்பித்தான். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதம் தன் ஏஅட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கியபோது, சேபர் என்னும் தன் முன்பதிவு கம்ப்யூட்டரில் அடிக்கடி வரும் தொலைபேசி எண்களைத் தேடித்தான் முதல் உறுப்பினர்களைக் கண்டுபிடித்தது. அடிக்கடி பறப்பவரைத் தன்னிடமே தக்கவைத்துக்கொள்ள வேண்டும், அதுதான் நோக்கம். அப்படியிருக்க, சேர்த்த மைல்களைப் போட்டி நிறுவனத்திற்கு எடுத்துச் செல்ல எந்த நிறுவனம் எளிதில் அனுமதிக்கும்?

ஸ்டார் அலையன்ஸ் (1997), ஒன்வேர்ல்ட் (1999), ஸ்கைடீம் (2000) என மூன்று பெரிய கூட்டணிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஏர் இந்தியாவும் ஒரே ஸ்டார் அலையன்ஸில்தான் உள்ளன. ஆனாலும் ஒன்றின் கணக்கில் உள்ள மைல்களை மற்றொன்றின் கணக்கிற்கு மாற்ற முடியாது.

கூட்டணியின் பயன் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது, ஒரு நிறுவனத்தின் விமானத்தில் பறந்துவிட்டு, கூட்டணியில் உள்ள வேறொரு நிறுவனத்தின் கணக்கில் மைல்களைப் பதிவு செய்யலாம். இரண்டாவது, ஒரு கணக்கின் மைல்களைக் கொண்டே கூட்டணியின் மற்ற விமானங்களிலும் இடம் வாங்கலாம். சுருக்கமாகச் சொன்னால், மைல்கள் தாண்டிப் போகாது. டிக்கெட் தாண்டிப் போகும். இது புரிந்துவிட்டால் பாதிப் பிரச்னை தீர்ந்தது.

உண்மையிலேயே கூட்டக்கூடிய இடம்

ஒரு நல்ல விதிவிலக்கும் உண்டு. பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஐபீரியா, ஏர் லிங்கஸ் ஆகியவை ஏவியோஸ் என்ற ஒரே புள்ளியைப் பயன்படுத்துகின்றன. கத்தார் ஏர்வேஸ் 2022ல் இதற்கு மாறியது. பின்ஏர் 2024ல் மாறியது. உங்களுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸிலும் கத்தார் ஏர்வேஸிலும் கணக்கு இருந்தால், இரண்டையும் இணைத்துவிட்டு, ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில், எதையும் இழக்காமல் மாற்றிக் கொள்ளலாம். லண்டனுக்கு நேராக ஒரு முறை, தோஹா வழியாக ஒரு முறை என்று போய் வருபவர்களுக்கு இது பெரிய வசதி.

ஆனால் இரு கணக்குகளிலும் பெயர், பிறந்த தேதி, இமெயில் முகவரி ஆகியவை ஒன்றாக இருக்க வேண்டும். நம்மவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரு தளத்தில் இனிஷியலைக் கடைசிப் பெயராகத் தருகிறோம். இன்னொன்றில் தந்தையின் பெயரை முழுதாக எழுதுகிறோம். மூன்றாவதில் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று தளம் அடம் பிடிப்பதால் நம் பெயரையே இரண்டு முறை டைப் செய்கிறோம். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை இவர்கள் மூன்று வெவ்வேறு ஆட்கள். பாஸ்போர்ட்டில் எப்படி உள்ளதோ அப்படியே எல்லா இடங்களிலும் பதிந்து வைப்பதுதான் இதற்கு மருந்து. ஏற்கனவே தவறாகப் பதிந்திருந்தால், மைல்கள் தேவைப்படும் நாள் வரை காத்திராமல் இப்போதே திருத்தக் கேளுங்கள்.

மாற்றித் தருகிறோம் என்பவர்கள்

கூகுளில் தேடினால், ஒரு திட்டத்தின் மைல்களை இன்னொன்றுக்கு மாற்றித் தருவதாகச் சொல்லும் தளங்கள் கிடைக்கும். "முடியுமா?" என்று பார்ப்பதோடு நிற்காமல் "என்ன விகிதம்?" என்றும் பாருங்கள். 10,000 மைல்களைக் கொடுத்து 3,000 வாங்கினால் அதற்குப் பெயர் கூட்டல் இல்லை, கழித்தல்.

மைல்களைப் பணம் கொடுத்து வாங்கும், விற்கும் தரகர்களிடம் போகவே வேண்டாம். பொதுவாக விமான நிறுவனங்களின் விதிகள் இதைத் தடை செய்கின்றன; கண்டுபிடித்தால் கணக்கையே மூடிவிடலாம். எல்லாக் கணக்குகளையும் ஒரே திரையில் காட்டுகிறோம் என்று உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும் தளங்களிலும் எச்சரிக்கை தேவை. 2015 மார்ச்சில், இன்டர்நெட்டில் வேறு எங்கோ கிடைத்த விவரங்களைக் கொண்டு பிரிட்டிஷ் ஏர்வேஸ் உறுப்பினர்கள் பலரின் கணக்குகளில் அன்னியர்கள் நுழைந்தனர். எல்லாத் தளங்களுக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு பாடம். மைல்களும் பணம்தான். வங்கிக் கணக்கிற்குத் தரும் காவலை இதற்கும் தாருங்கள்.

என்ன செய்யலாம்?

1. நீங்களும் குடும்பத்தினரும் அதிகம் செல்லும் ஊர் எது என்று முடிவு செய்யுங்கள். அந்த வழியில் பறக்கும் கூட்டணியைத் தேர்ந்தெடுத்து, அதில் ஒரே ஒரு நிறுவனத்தில் கணக்கு வையுங்கள். மற்ற நிறுவன விமானத்தில் டிக்கெட் வாங்கும்போதும் இந்த எண்ணையே கொடுங்கள். மலிவான டிக்கெட் சிலவற்றிற்கு மைல்கள் கிடைக்காது. வாங்கும் முன் பார்த்துக் கொள்ளவும்.

2. எண் கொடுக்க மறந்துவிட்டால், பயணத்திற்குப் பிறகும் சில மாதங்களுக்குள் கேட்டுப் பெறலாம். அதுவரை போர்டிங் பாஸைத் தூக்கி எறிய வேண்டாம்.

3. எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பில் ஒரு சிறிய பைல் உருவாக்குங்கள். திட்டத்தின் பெயர், உறுப்பினர் எண், பதிந்துள்ள பெயர், மைல்கள், காலாவதியாகும் தேதி என ஐந்து நெடுவரிசைகள் போதும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்பிளையர் மைல்களுக்கு ஆயுள் மூன்று ஆண்டுகள். திட்டத்திற்குத் திட்டம் இது மாறும். பாஸ்வேர்டை மட்டும் இந்தப் பைலில் எழுத வேண்டாம்.

4. கிரெடிட் கார்டு புள்ளிகள் இருந்தால் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். பல வங்கிகள் அவற்றைப் பல விமானத் திட்டங்களுக்கு அனுப்ப விடுகின்றன. எந்தக் கணக்கில் கொஞ்சம் குறைகிறதோ அதை நிரப்ப இவை உதவும். ஆனால் பொதுவாக, அனுப்பிய பின் திரும்பி வராது.

சேர்த்து வைப்பதும் ஆபத்து

மைல்களைக் கூட்டும் கவலையில் செலவழிப்பதை மறந்துவிடக் கூடாது. கிங்பிஷர் விமானங்கள் 2012 அக்டோபரில் நின்றபோது, அதன் மைல்களைச் சேர்த்தவர்களுக்கு ஏறிப் பறக்க விமானமே இல்லை. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவுடன் இணைந்தபோது, அதன் புள்ளிகள் ஏர் இந்தியாவின் திட்டத்திற்கு மாற்றப்பட்டன. நிறுவனங்கள் இணைந்தால்தான் மைல்களும் இணைகின்றன. நம் விருப்பம் அதில் செல்லுபடியாவதில்லை.

இது மாற வேண்டும். ஐந்து நிறுவனங்கள் ஏவியோஸை நஷ்டமில்லாமல் மாற்றிக்கொள்ள விடும்போது, ஒரே கூட்டணி என்று விளம்பரம் செய்யும் மற்றவர்கள் ஏன் செய்யக் கூடாது? தொழில்நுட்பம் தடையில்லை, மனம்தான் தடை. அந்த மனம் வரும் வரை, உங்கள் மைல்கள் எந்தக் கணக்கில் ஏற வேண்டும் என்பதை டிக்கெட் வாங்கும் அந்த ஒரு நிமிடத்தில் நீங்களே தீர்மானியுங்கள். உறுப்பினர் எண்ணுக்கான அந்தச் சிறிய கட்டத்தில் உங்கள் ஒரே எண்ணை டைப் செய்த பிறகே பணம் கட்டும் பட்டனை அழுத்துங்கள்.