கென்டே துணிக்கு புவிசார் குறியீடு: பெயரைக் காக்கும், வடிவத்தைக் காக்குமா?

மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவின் கென்டே நெசவுக் கலை, 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அத்துணிக்கு புவிசார் குறியீடும் கிடைத்தது. இவ்விரு அங்கீகாரங்களும் தறியில் அமர்ந்திருப்பவரின் வருவாயை உயர்த்துமா என்பதே இப்போதைய கேள்வி.

கென்டே, சேலையைப் போல் முழு அகலத்தில் நெய்யப்படுவதில்லை. சுமார் 4 அங்குல அகலத்தில் நீண்ட பட்டைகளாக நெய்து, பின்னர் அவற்றைப் பக்கவாட்டில் இணைத்துத் தைக்கின்றனர். அசாந்தி பகுதியின் பொன்விரேயும் வோல்டா பகுதியின் அகோட்டிமேயும் இதற்குப் பெயர்பெற்ற ஊர்கள். ஒவ்வொரு வடிவத்துக்கும் தனிப் பெயர் உண்டு. பல பெயர்கள் பழமொழிகளிலிருந்தும் அரச வரலாற்றிலிருந்தும் வந்தவை. ஒரு காலத்தில் அசாந்தி அரசவைக்கான கென்டேயை நெய்ய, இறக்குமதியான பட்டுத் துணிகளைப் பிரித்தே நூல் எடுத்தனர். வெளிச்சரக்கு கலவாததுதான் மரபு என்று வாதிடுவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இன்றைய போட்டி நூலால் வந்ததன்று, அச்சு இயந்திரத்தால் வந்தது. கென்டே வடிவங்களை அப்படியே அச்சிட்ட பருத்தித் துணிகள் மிகக் குறைந்த விலைக்குச் சந்தையில் குவிகின்றன. அமெரிக்காவில் கறுப்பின மாணவர்கள் பட்டமளிப்பு விழாவில் அணியும் தோள்பட்டைகளிலும் அச்சுத் துணி தாராளமாகக் கலந்துள்ளது.

கானாவிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 2005ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், நாட்டுப்புறக் கலை வடிவங்களின் உரிமையை மக்களின் சார்பில் குடியரசுத் தலைவரிடம் ஒப்படைத்துள்ளது. ஆனால் அச்சட்டம் நாட்டின் எல்லையோடு நின்றுவிடுகிறது. புவிசார் குறியீட்டின் நிலையும் ஏறக்குறைய அதுவே. பிற நாடுகளில் தனியே பாதுகாப்புப் பெற வேண்டும். மேலும், அது முதன்மையாகக் காப்பது பெயரை. கென்டே என்று சொல்லாமல் அதன் வடிவத்தை மட்டும் அச்சிட்டு விற்பவரை அது எளிதில் தடுக்காது.

இதில் இந்தியாவுக்கு அனுபவம் உண்டு. பனாரஸ் பட்டுக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன்பிறகும் விசைத்தறிச் சேலைகள் பனாரஸ் என்ற பெயரிலேயே விற்கப்படுகின்றன. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் தற்போது 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கியுள்ளது. அதன் அமலாக்கம் குறித்து நெசவாளர்கள் தொடர்ந்து குறை கூறி வருகின்றனர். 2019-20 கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சத்துக்கும் அதிகமான கைத்தறித் தொழிலாளர்கள் உள்ளனர் என்பதால் இது சிறிய பிரச்சினையன்று.

இந்தோனேசியா வேறு வழியில் சென்றது. 2009இல் பாத்திக் கலை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு, பாத்திக் வடிவம் அச்சிட்ட துணிகளின் இறக்குமதிக்கு 2015இல் கட்டுப்பாடு விதித்தது. வடிவத்தையே சுங்கச் சாவடியில் மறிக்கும் முயற்சி அது. கானா அதைப் பின்பற்றினால், மலிவான அச்சுத் துணியை விற்றுப் பிழைக்கும் உள்ளூர்ச் சிறு வியாபாரிகளின் எதிர்ப்பை முதலில் சந்திக்க நேரிடும். அந்த அரசு இனி எடைபோட வேண்டிய கணக்கு இதுவே.