திறந்த கதவுக்குத் தானியக்கம் என்று பெயர்

மென்பொருள் நிறுவனங்களிலும் பல்கலைக்கழக ஆய்வகங்களிலும் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. நிரலில் ஒரு மாற்றம் சேர்ந்தவுடன் சர்வர் ஒன்று தானே இயங்கத் தொடங்கி, வேண்டிய நூலகங்களையெல்லாம் இணையத்திலிருந்து இறக்கி நிறுவி, செயலியைக் கட்டித் தந்துவிடுகிறது. மனிதக் கை படாத இவ்வேலை பாராட்டுக்குரியதே. ஆனால் எந்தப் பதிப்பு இறங்குகிறது, நேற்று இறங்கியதும் இன்று இறங்கியதும் ஒன்றுதானா என்று வினவினால் பல குழுக்களிடம் விடை இல்லை. விடையற்ற இந்நிலையைத்தான் தானியக்கம் என்று பெருமையோடு அழைக்கின்றனர்.

இதற்கு உலகம் ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறது. 2016 மார்ச்சில், லெஃப்ட்-பேட் என்னும் 11 வரி நிரலை அதன் ஆசிரியர் ஒரு பெயர்த் தகராறின் காரணமாக என்பிஎம் களஞ்சியத்திலிருந்து விலக்கிக்கொண்டார். அப்பெயரையே கேள்விப்பட்டிராத குழுக்களின் பில்டுகளும் முறிந்து விழுந்தன. 2018இல் ஈவன்ட்-ஸ்ட்ரீம் நூலகத்தின் பொறுப்பு, முன்பின் அறியாத ஒருவர் கைக்குப் போனது. அவர் புதிதாகச் சேர்த்த சார்பு நூலகம், கோபே என்னும் பிட்காயின் பணப்பைச் செயலியைக் குறிவைத்த திருட்டு நிரலைச் சுமந்து வந்தது. 2021இல் அலெக்ஸ் பிர்சன் என்னும் பாதுகாப்பு ஆய்வாளர், நிறுவனங்கள் தமக்குள் மட்டும் பயன்படுத்தும் தொகுப்புகளின் பெயரிலேயே, உயர்ந்த பதிப்பெண்ணுடன், பொதுக் களஞ்சியங்களில் தொகுப்புகளை வைத்துக் காட்டினார். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட 35க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் அமைப்புகளுக்குள் அவை நுழைந்தன. எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை. தானியங்கி நிறுவலே அவற்றை உள்ளே அழைத்துச் சென்றது.

பில்ட் சர்வரில் கிளவுட் கணக்குகளின் சாவிகள் இருக்கின்றன. நிறுவப்படும் தொகுப்போ, நிறுவும் கணத்திலேயே தன் கட்டளையை அங்கு இயக்க வல்லது. தெருவில் போகிறவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே.

"பதிப்பைப் பூட்டி வைத்தால் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்து சேராவே" என்பது எதிர்த்தரப்பின் வாதம். அதில் உண்மை உண்டு. பூட்டிவிட்டு மறந்துபோகும் குழு பழைய ஓட்டைகளோடுதான் வாழும். ஆயின் 2021 டிசம்பரில் லாக்4ஜே நூலகத்தின் ஓட்டை வெளிப்பட்டபோது எல்லோர் முன்னும் நின்ற முதல் கேள்வி, "அது நம்மிடம் எங்கெங்கே இருக்கிறது?" என்பதே. துல்லியமான பட்டியல் வைத்திருப்பவரே அதற்கு உடனே விடை கூற முடியும். பட்டியல் இல்லாதவர் எதைப் புதுப்பிப்பது என்றே அறியமாட்டார்.

தீர்வு கடினமானதன்று. பூட்டுக் கோப்பை நிரலோடு சேர்த்தே சேமிக்க வேண்டும். பில்டில் 'என்பிஎம் இன்ஸ்டால்' இருக்கும் இடத்தில் 'என்பிஎம் சிஐ' இருக்க வேண்டும். அது பூட்டுக் கோப்பிலிருந்து வழுவாது, முரண்பாடு கண்டால் நின்றுவிடும். பைத்தானில் ஒவ்வொரு தொகுப்பின் ஹாஷையும் சரிபார்க்கும்படி 'பிப்'பைப் பணிக்கலாம். புதுப்பித்தல் தனியொரு மாற்றமாக வந்து, மனிதக் கண் பட்டு, சோதனைகளில் தேறிய பின்பே உள்ளே நுழையட்டும். இதுவும் தானியக்கமே, பொறுப்புள்ள தானியக்கம்.

ஆய்வுலகுக்கு இதில் விலக்கு இல்லை. பதிப்பெண் குறிக்காமல் "நம்பை" என்று மட்டும் எழுதிய ஆய்வேடுகளின் நிரல்கள், 2024 ஜூனில் நம்பை 2.0 வெளிவந்த பின் வேறொரு நூலகத்தின்மீது இயங்கின, அல்லது இயங்கவே மறுத்தன. மீண்டும் பெற இயலாத முடிவை அறிவியல் என்று எப்படி அழைப்பது?

மென்பொருளின் உட்கூறுகளைப் பட்டியலிடுவதற்கான வழிகாட்டுதலை இந்தியாவின் செர்ட்-இன் அமைப்பு 2024இலேயே வெளியிட்டுவிட்டது. அரசுத் துறைகளுக்கும் மென்பொருள் ஏற்றுமதியாளருக்கும் உரியது அது. கோப்புறையில் ஓர் ஆவணமாக அதைத் தூங்கவிட்டு, பில்டில் மட்டும் "ஆகப் புதியது எதுவோ அது வரட்டும்" என்று எழுதிவைப்போர், தாம் கட்டாத வீட்டுக்குத் தம் பெயர்ப்பலகையை மாட்டுகின்றனர். அவ்வீடு இடியும் நாளில் அதனுள் இருப்பவர்கள், அவர்களை நம்பித் தம் பணத்தையும் தரவுகளையும் ஒப்படைத்த மக்களே.