மொத்தமாகப் போடுவதா? மாதாமாதம் கட்டுவதா?

பாங்கியில் மாதம் ரூ.1,000 வீதம் ஒரு வருஷம் கட்டியவர்கள், பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு கவுண்டரில் சண்டைக்கு நிற்பது உண்டு.

"7 சதவீத வட்டி என்றீர்களே! 12 ஆயிரத்துக்கு 840 ரூபாய் வரவேண்டாமா? பாதிதானே வந்திருக்கு?"

பாங்கி ஏமாற்றவில்லை. முதல் மாதம் கட்டிய ஆயிரம்தான் 12 மாதம் அங்கே கிடந்தது. கடைசி ஆயிரம் கிடந்தது ஒரே மாதம். எத்தனை நாள் கிடந்ததோ அத்தனை நாளுக்குத்தான் வட்டி. அப்படிக் கூட்டினால் சுமார் 455 ரூபாய். கூட்டுவட்டி போட்டால் இன்னும் சில ரூபாய் கூடும். அவ்வளவுதான்.

அதே 12 ஆயிரத்தை முதல் நாளே மொத்தமாகப் போட்டிருந்தால் 840-க்குக் குறையாது. லாபம்தான். ஆனால் மொத்தமாகக் கையில் இருக்கவேண்டுமே!

தியாகராயநகர் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு வாடகை, மளிகைக்கடன், பிள்ளைகள் பீஸ் போக ஆயிரமோ இரண்டாயிரமோ மிஞ்சும். "கொஞ்சம் சேரட்டும், மொத்தமா போடலாம்" என்று இருந்தால் அது சேரவே சேராது. நாத்தனாருக்கு வளைகாப்பு வரும். மிக்சி ரிப்பேர் ஆகும். அந்தப் பெண்ணுக்கு மாதத் தவணைதான் சரி. வட்டி குறைகிறதே என்று வருந்துவதில் அர்த்தம் இல்லை. அங்கே அசல் சேருவதுதான் பெரிது.

தவணையும் அளவோடு இருக்கட்டும். தபால் நிலையத்தின் 5 வருஷத் தவணையில் ஒரு மாதம் தவறினால் 100 ரூபாய்க்கு 1 ரூபாய் அபராதம். கஷ்டமான மாதத்திலும் கட்டக்கூடிய தொகை எதுவோ, அதுவே போதும்.

பலர் இதை விட்டுவிட்டு, தெருமுனைக் கடையில் தீபாவளிப் பண்டு கட்டுகிறார்கள். பாத்திரமும் பட்டாசும் கிடைக்குமாம்! கடைக்காரர் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால் போலீஸ் ஸ்டேஷன் வாசலில்தான் நிற்கவேண்டும். பாங்கி டெபாசிட்டுக்கு 2020 பிப்ரவரி முதல் ஒருவருக்கு ஒரு பாங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து ரூ.5 லட்சம் வரை இன்சூரன்ஸ் இருக்கிறது. மாதத் தவணைக்கும் அது உண்டு. பண்டுக்கு ஏது?

பெரம்பூர் ரெயில் பெட்டி தொழிற்சாலையில் ஓய்வு பெறுகிறவர் கதை வேறு. அவருக்குப் பல லட்சம் ஒரே சமயத்தில் வரும். அதைச் சேமிப்புக் கணக்கில் சொற்ப வட்டிக்கு வைத்துக்கொண்டு, அதிலிருந்தே மாதாமாதம் தவணைக்கு மாற்றுவது வீண் நஷ்டம். மொத்தமாகத்தான் போடவேண்டும்.

ஆனால் ஒரே ரசீதாக வேண்டாம். 5 லட்சத்தை ஐந்து ரசீதாகப் போட்டால், மகள் பிரசவத்துக்கு அவசரம் என்றாலும் ஒன்றை மட்டும் உடைக்கலாம். வட்டியில் பிடித்தம் அந்த ஒன்றுக்கு மட்டுமே. உடைக்காமல் டெபாசிட்டின் பேரில் கடன் வாங்கவும் வழி இருக்கிறது. கவுண்டரில் இதைத் தானாக யாரும் சொல்வதில்லை. கேட்டால் சொல்வார்கள்.