உயரத்திற்கேற்ற சுருதி

பழைய ஜப்பானிய மோட்டார் சைக்கிளைப் புதுப்பிப்பது என்பது வர்ணம் பூசிக் குரோம் பூச்சை மின்னச் செய்வதோடு முடிந்துவிடுவதாகப் பலர் கருதினாலும், ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்திலுள்ள கந்தப்பளையில் அவ்வேலையின் உயிர் காபரேட்டரிலேயே, அதாவது பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் உறுப்பிலேயே இருக்கிறது. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாதலால், 1980களின் ஹொண்டா சிடி 200 போன்ற வண்டியில் தொழிற்சாலை பொருத்திய மெயின் ஜெட், அதாவது பெற்றோலை அளந்துவிடும் நுண்துளைப் பித்தளைத் திருகு, காற்றின் அளவுக்கு மிஞ்சிய எரிபொருளை உள்ளே விடுகிறது. அதனால் வண்டி ஏற்றத்தில் திணறுவதோடு, கழற்றிப் பார்த்தால் இளம்பழுப்பாக இருக்க வேண்டிய பிளக்கின் முனையில் கரியும் படிந்திருக்கும். எஞ்சின் தேய்ந்துவிட்டதென்று எண்ணிப் பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றுவது வீண்செலவு, அதைவிடக் கவலைக்குரியது, எளிதில் கிடைக்காத மூல உதிரிப்பாகங்களை அவசியமின்றி இழப்பது. கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் தேடி, ஓரிரு இலக்கம் சிறிய ஜெட்டைப் பொருத்துவதே முதலில் செய்யவேண்டியது. கழற்றிய ஜெட்டை எறியாமல் வைத்திருப்பதும் அவசியம், ஏனெனில் மலைக்கேற்ற சிறிய ஜெட்டுடன் கொழும்புக்கு இறங்கி ஓடினால் அடர்ந்த காற்றில் பெற்றோல் போதாமல் எஞ்சின் அளவுமீறிச் சூடாகும்.